இடது கடைக்கண்

எங்கள் பரத வகுப்புக் கூடத்தின் கோடிச் சுவரில் நடராஜருக்கு ஒரு மாடம் உண்டு. அதில் எரிவது ஒற்றை அகல். 2024 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மாலை, தாளம் தட்டும் மணைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டுக்கழியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். இரண்டு அகல்கள் எரிந்தன. ஒன்று மாடத்துக்குள் இருந்தது. மற்றொன்று அதற்கு இடப்புறம், வெறும் சுவரில், எதன் மேலும் நிற்காமல் எரிந்தது.

பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். என் வலப்பக்கம் நின்றவர்கள் அவரவராகவே தெரிந்தார்கள். நடுவில் நின்றவளின் தோளை ஒட்டி அவளே இன்னொரு முறை நின்றாள். இடக்கோடியில் நின்றவளுக்கும் அவளுடைய இரட்டைக்கும் நடுவே ஓர் ஆள் நுழைந்து போகலாம் போல இடைவெளி இருந்தது. தட்டடவு போடச் சொன்னேன். இத்தனை கால்களில் எந்தக் கால் தாளத்தில் விழுகிறது, எது வெறும் நிழல் என்று பிரித்தறிய முடியாமல் பத்தே நிமிடத்தில் வகுப்பை முடித்துவிட்டேன்.

இரண்டு நாட்களாக இடது கண்ணுக்குப் பின்னால் மந்தமான வலி இருந்தது. அடைமழைக் காலம், சளி பிடிக்கப் போகிறது என்று மிளகுக் கஷாயம் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். பிள்ளைகள் போன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். துணி இடது கண்ணை மறைத்த நொடியில் விளக்கு ஒன்றாகிவிட்டது. துணியை எடுத்தால் இரண்டு. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். அப்போதும் ஒன்றுதான். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்று, இரண்டும் திறந்திருந்தால் இரண்டு.

பயிற்சிக் கண்ணாடியின் முன் போய் நின்றேன். மயிலாடுதுறையில் முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். சமம், ஆலோகிதம், சாசி, பிரலோகிதம், நிமீலிதம், உல்லோகிதம், அனுவிருத்தம், அவலோகிதம் என்று எட்டுத் திருஷ்டி பேதங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். தலையை அசைக்காமல் கடைக்கண்ணால் பக்கவாட்டில் பார்ப்பது சாசி. வலப்பக்கம் பார்த்தேன். இரண்டு விழிகளும் ஒன்றாக ஓடி ஓரத்தில் போய் நின்றன. இடப்பக்கம் பார்த்தேன். வலது விழி மூக்கோரம் வரை ஓடியது. இடது விழி நடுவிலேயே நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன், மறுபடியும் நின்றது. கதவைத் தள்ளுகிறோம், கதவு அசையவில்லை என்றால் கையிலாவது ஓர் எதிர்ப்புத் தெரியும். இங்கே அதுகூட இல்லை. விழி முழுதாகத் திரும்பிவிட்டது என்றுதான் எனக்குள் தோன்றியது. இல்லை என்று சொன்னது கண்ணாடிதான். இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். விஜயதசமிக்குப் புதிதாகப் பதினோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள் அல்லவா, ஊர்க்கண் எல்லாம் உன்மேல்தான் என்றாள். மிளகாய் நெடி வந்ததா இல்லையா என்று அவள் ஆராய்ந்துகொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று என் கணவரிடம் தாழ்ந்த குரலில் பக்கவாதத்தின் முதல் அடையாளம் இதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். பவர் கூடியிருக்கிறது, புதுக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அந்தக் கண்ணாடிக்காகக் காத்திருந்ததில் மேலும் இரண்டு நாட்கள் வீணாயின. அது வந்தபோது இரண்டு விளக்குகளும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

சனிக்கிழமை தஞ்சாவூருக்கு ரயிலேறினோம். குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம், பாபநாசம் என்று ஒவ்வொரு நிலையத்தின் பெயர்ப்பலகையும் தன்மேல் தானே ஏறிக்கொண்டு வந்தது. மடியில் பிரித்து வைத்திருந்த வார இதழின் எழுத்துகளோ துளியும் பிசகாமல் ஒற்றையாக இருந்தன. கை நீளத்தில் இருப்பது ஒன்று, தூரத்தில் இருப்பது இரண்டு. முல்லைப் பூவைத் தொடுத்துவிடுவேன், எதிர்ச்சாரியில் வரும் பஸ்ஸை நம்பித் தெருவைக் கடக்க முடியாது. இது ஏன் என்று கேட்க வேண்டும் என மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

கண் நரம்பு பார்க்கிற அந்த மருத்துவர் என் மகள் வயதுப் பெண். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: “ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடுகிறதா அம்மா?” ஆகிறது என்றேன். “எந்தக் கண்ணை மூடினாலும் ஆகிறதா?” ஆகிறது என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்குமாம், புரை போல ஏதாவது. மூடியதும் ஒன்றானால் கண்ணுக்குள் குற்றமில்லை, இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது என்றைக்காவது இரண்டாகத் தெரிந்தால், இதை மட்டும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதி வழி கடந்துவிடும்.

இமை தொங்குகிறதா, கண்பாவை சுருங்குகிறதா, நெற்றியில் பஞ்சு பட்டால் உணர்வு இருக்கிறதா, வாய் கோணுகிறதா, காது கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. விழித்திரைக்குப் பின்னால் நரம்பின் முகப்பு வீங்கியிருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை. அப்புறம் ஒரு இருட்டறையில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி மாட்டிவிட்டு, திரையில் எரியும் சிவப்புப் புள்ளிகளின் மேல் பச்சை விளக்கைக் கொண்டுவந்து பொருத்தச் சொன்னார்கள். பொருத்திவிட்டேன் என்று நான் நினைத்த இடத்தைத்தான் அவர்கள் குறித்துக்கொண்டார்கள். இந்தச் சோதனையை 1908இல் வகுத்தவர் வால்ட்டர் ஹெஸ் என்ற சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர். பின்னாளில் கண்ணை விட்டு மூளை ஆராய்ச்சிக்குப் போய் 1949இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

என் வரைபடத்தில் இரண்டு சதுரங்கள் இருந்தன. இடது கண்ணின் சதுரம் இடப்பக்கத்தில் ஒடுங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். நன்றாக இருக்கிற வலது கண்ணின் சதுரம் ஏன் இடப்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது என்று கேட்டேன். மருத்துவர் சொன்ன விளக்கம் நட்டுவாங்கம் செய்கிறவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை ஜோடியாக நிறுத்தி ஒரே தாளச் சொல்லுக்கட்டைச் சொல்கிறேன். ஒருத்திக்குக் கால் வரவில்லை. அவளை எழுப்புவதற்காக நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அந்த அழுத்தம் அவளுக்கு மட்டும் போய்ச் சேருவதில்லை. பக்கத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவளும் அதே அழுத்தத்தைக் கேட்டு இரண்டடி கூடுதலாகத் தாண்டிவிடுகிறாள். மூளை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக உத்தரவு போடுவதில்லை. இடது கண்ணை வெளியே இழுக்கும் தசைக்கும் வலது கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் தசைக்கும் ஒரே உத்தரவு, ஒரே அளவில் போகிறது. இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் எங்கள் கலையின் பாதி அபிநயம் நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் அதை ஆடியிருக்கிறேன், ஆட்டுவித்திருக்கிறேன். யார் அந்த உத்தரவைச் சுமந்துபோகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சுமந்துபோவது ஆறாவது கபால நரம்பு. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அதன் வழியை வரைந்து காட்டினார். மூளைத்தண்டில் பாலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் கீழ்விளிம்பில் புறப்படுகிறது நரம்பு. மண்டையோட்டின் அடித்தளத்தில் சரிவாக இருக்கும் எலும்பின் மேல் ஏறுகிறது. காதை உள்ளே வைத்திருக்கும் எலும்பின் முனையில் ஒரு குறுகிய சந்தில் வளைகிறது. அங்கிருந்து ரத்தம் நிரம்பிய ஒரு குகைக்குள் நுழைந்து, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை ஒட்டிக்கொண்டு போகிறது. கடைசியில் கண்குழியின் பின்புறப் பிளவு வழியாக உள்ளே வந்து, விழியை வெளிப்பக்கம் இழுக்கும் அந்த ஒரே ஒரு தசையில் முடிந்துவிடுகிறது. அதற்கு வேறு வேலையே கிடையாது. கடைக்கண்ணால் பார்ப்பதற்கென்றே இவ்வளவு தூரம் நடக்கிற நரம்பு.

நான் முடிச்சுப் போட்டு வைத்திருந்த கேள்விக்கும் அப்போது விடை கிடைத்தது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க இரண்டு விழிகளும் உள்ளே குவிய வேண்டும், அதற்கு இந்த நரம்பு அவ்வளவாகத் தேவையில்லை. தூரத்தைப் பார்க்க விழிகள் விரிய வேண்டும். அங்கேதான் என் இடது கண் பின்தங்குகிறது. வார இதழ் ஒன்றாகவும் ஆடுதுறை இரண்டாகவும் தெரிந்தது அதனால்தான்.

பதினோரு ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 9.6 என்று வந்திருந்தது. ரத்த அழுத்தமும் கூடுதல். நரம்புக்குள் ஓடும் முடியிழை போன்ற ரத்தக்குழாய் ஒன்று அடைத்து, நரம்பு பட்டினி கிடக்கிறது என்றார். ஐம்பது வயதைத் தாண்டியவள் என்பதால், தலைத் தமனிகளின் அழற்சி இல்லை என்று உறுதிசெய்ய ரத்தச் சோதனையும், மூளையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எழுதினார். இரண்டும் நல்லபடியாக வந்தன. இப்படி வருவது பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகத் திரும்பிவிடும், சிலருக்கு ஆறு மாதம் ஆகலாம், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு என்றார். இடையில் தலைவலியோ, வாந்தியோ, இமை தொங்குவதோ, முகம் மரத்துப்போவதோ வந்தால் ரயிலுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்பி வாருங்கள் என்றும் சொன்னார்.

அவர் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணுக்கு இரண்டு விழிகளுமே மூக்கை நோக்கித் திரும்பியிருந்தன. ஒரு மாதமாகத் தலைவலி, விடியற்காலையில் வாந்தி. தலைக்குள் அழுத்தம் ஏறும்போது, அந்த எலும்புச் சரிவில் கட்டுண்டு கிடக்கும் ஆறாம் நரம்பு இழுபடுகிறது. குற்றம் வேறெங்கோ இருக்க, நரம்பு இங்கே விழுந்துவிடுகிறது. இப்படி இடம் மாற்றிக் காட்டும் அறிகுறிகளைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் காலியர் 1904இலேயே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு இத்தாலியில் கிராடெனிகோ என்ற காது மருத்துவர், காதில் சீழ் வடிந்த நோயாளிகளுக்கு முகவலியோடு கண்ணும் உள்ளே திரும்பிக்கொள்வதை எழுதினார். சீழ் எலும்பின் முனை வரை போய் அந்தக் குறுகிய சந்தில் நரம்பைப் பிடித்துவிடுகிறது. பெஞ்சின் மறுகோடியில் ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். விபத்தில் தலையில் அடிபட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது, கண் திரும்பவில்லை, அறுவைசிகிச்சைக்கு நாள் குறிக்க வந்திருந்தார். மேலும் கீழும் இழுக்கும் தசைகளை வெளிப்பக்கமாக நகர்த்தித் தைத்து, செத்த தசையின் வேலையைக் கொஞ்சம் இவற்றைச் செய்ய வைப்பார்களாம். எங்கள் மூவருக்கும் விழுந்தது ஒரே நரம்பு. காரணம் மூன்று பேருக்கும் மூன்று. எனக்குக் காத்திருக்கச் சொன்னார்கள் என்பதற்காக, பார்க்காமலேயே காத்திருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கல்லூரிப் பெண் காத்திருந்தால் பார்வையே போயிருக்கும்.

எனக்கு இடது கண்ணில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். ஒற்றைக் கண்ணில் உலகம் ஒன்றாகியது, ஆனால் ஆழம் போய்விட்டது. காபியை டம்ளருக்கு அந்தப் பக்கம் ஊற்றினேன். மாடிப்படியின் கடைசிப் படியைக் காலால் துழாவித் தேடினேன். நன்றாக இருக்கிற கண்ணை மூடிக்கொண்டு, விழுந்த கண்ணால் மட்டும் பார்த்து, மாடத்து விளக்கைத் தூண்டப் போனால் இன்னும் விசித்திரம். கை விளக்கைத் தாண்டி இடப்பக்கம் போய் நிற்கும். விழியைத் திருப்ப மூளை எவ்வளவு உத்தரவு போட்டதோ அதை வைத்துத்தான் பொருள் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறதாம். உத்தரவு பெரிது, விழி நகர்ந்தது சிறிது. கணக்கு தப்பிவிடுகிறது.

மூன்றாம் வாரம் பிளாஸ்திரியை எடுத்துவிட்டு, கண்ணாடியின் இடது வில்லையில், ஒளியை வளைத்து இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக்கும் ஒரு பிரிசம் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் போல மெல்லியது, நெடுகக் கோடு கோடாக இருக்கும். கலங்கரை விளக்கத்துக்காக ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த உத்திதான் அது. தடித்த கண்ணாடியைப் படிப்படியாக வெட்டி மெலிதாக்குவது. எனக்கு 20 அளவு. ஓர் அளவு என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் பிம்பத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். மணையிலிருந்து மாடம் சரியாக ஐந்து மீட்டர். அப்படியானால் அந்தப் பொய் விளக்கு ஒரு மீட்டர் தள்ளி எரிந்திருக்கிறது. சுவரில் அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஜன்னல் சட்டத்தின் ஓரம். அளவு நாடா அங்கேதான் போய் நின்றது.

கண் பயிற்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் எனக்கு அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். கண் பயிற்சியே என் தொழில். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று இடப்பக்கச் சாசியை நூற்றெட்டு முறை செய்தேன். கண்ணீர் வழியும் வரை செய்தேன். மருத்துவரிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, தசை சோம்பேறியாகவில்லை. அதற்குச் செய்தியே வரவில்லை. நீங்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது” என்றார். அன்றோடு நிறுத்தினேன். நூற்றெட்டுக்குப் பதிலாகக் காலையில் நாற்பது நிமிடம் நடந்தேன், இரவுச் சோற்றை விட்டேன், மாத்திரையை நேரம் தவறாமல் போட்டேன். நரம்பு திரும்பாமல் நாளாகிவிட்டால், உள்ளே இழுக்கும் தசை எதிர்ப்பாரில்லாமல் சுருங்கி இறுகிவிடாதிருக்க அதில் போட்டாக்ஸ் ஊசி போடும் வழியும் உண்டு என்றார். முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதுவேதான். ஆனால் அது முதலில் கண்ணுக்கு வந்த மருந்து. சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணுக்காகத்தான் அதை உருவாக்கினார், 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் கண் நோய்களுக்குத்தான். எனக்கு அது தேவைப்படவில்லை.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிசம் ஒட்டப் போன அன்று பெஞ்சில் ஒரு தாயும் ஆறு வயதுச் சிறுமியும் இருந்தார்கள். சிறுமி தன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஏதோ கேட்கும்போதெல்லாம் முகத்தையே முழுதாகத் திருப்பினாள். வலப்பக்கம் இருந்த என்னைப் பார்க்க விழியை மட்டும் உருட்டினாள். உருட்டியபோது அவளுடைய இடது கண் சட்டென்று சிறுத்தது, இமைகள் நெருங்கி, விழி உள்ளே வாங்கிக்கொண்டது போல.

அந்தச் சிறுத்தலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நன்றாகத் தெரியும் எனக்கு.

சிறுமியின் தாய் சொன்னார், பிறவியிலேயே அப்படித்தானாம். உள்ளே போனதும் மருத்துவரிடம் கேட்டேன். அதற்கு டுவேன் குறைபாடு என்று பெயர். 1905இல் நியூயார்க் மருத்துவர் அலெக்சாண்டர் டுவேன் ஐம்பத்து நான்கு பேரைப் பற்றி விரிவாக எழுதியதால் வந்த பெயர். கரு உருவாகும் இரண்டாம் மாத வாக்கில் ஆறாம் நரம்பின் ஊற்றுக்கண் உருவாகாமலேயே போய்விடுகிறது. அந்தத் தசை நரம்பில்லாமல் கிடக்க, மூக்குப்பக்கம் இழுக்கும் நரம்பிலிருந்து ஒரு கிளை வழிதவறி இங்கே வந்து சேர்ந்துகொள்கிறது. அதனால் விழி வெளியே போகாது. உள்ளே போகும்போது இரண்டு தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்க, விழி பின்வாங்கி இமை சுருங்கும். இடது கண்ணில்தான் அதிகம் வருகிறது, பெண் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது. பிறந்ததிலிருந்தே அப்படி என்பதால் மூளை பழகிவிடுகிறது, இரண்டாகத் தெரிவதில்லை. முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாரையும் போலப் பார்ப்பார்கள்.

1996. அடுத்த சிவராத்திரிக்குச் சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் எங்கள் பிள்ளைகள் ஆட வாய்ப்புக் கிடைத்திருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் அலாரிப்பு, கச்சேரியின் தொடக்க உருப்படி. அலாரிப்பு கண்ணிலும் கழுத்திலும்தானே தொடங்குகிறது. எட்டு ஜோடி விழிகளும் ஒரே நேரத்தில் வலமும் இடமும் போய்வர வேண்டும். ஏழு பேருக்குப் போனது. பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு, தாளம் பிசகாத கால், அரைமண்டியில் அசையாமல் நிற்கும் பெண், இடது கண் மட்டும் இடப்பக்கம் போகாது. முகத்தைத் திருப்பி ஈடுகட்டுவாள். “தலையைத் திருப்பாதே, கண்ணைத் திருப்பு” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். தாடையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். தட்டுக்கழியை மணையில் ஓங்கி அடித்து, கவனம் எங்கே இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறேன். ஒருநாள் மற்றப் பிள்ளைகள் போன பிறகு ஒரு மணி நேரம் கண்ணாடியின் முன் நிறுத்தி வைத்தேன். கடைசியில் அவளை நீக்கிவிட்டு வேறொருத்தியைச் சேர்த்தேன். சிதம்பரத்துக்குப் போன வேனில் அவள் இல்லை. அடுத்த மாதம் வகுப்புக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்டனுப்பவும் இல்லை.

ஆறாம் நரம்பு விழுந்த எல்லாரும் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பித்தான் வைத்துக்கொள்வார்கள். கார்த்திகை தீபத்தன்று என் கணவர் எடுத்த படத்தில் நானும் இடப்பக்கம் முகம் திருப்பி நிற்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்தால் அவள் நின்ற நிலைதான் தெரிகிறது.

நரம்பு திரும்பியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழி முதல் வாரத்தில் இரண்டு விளக்குகளும் நெருங்கத் தொடங்கின. பிரிசம் 12 ஆகி, 6 ஆகியது. சராசரிச் சர்க்கரை 7.1க்கு இறங்கியது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தெருக்கோடி விளக்குக் கம்பம் ஒன்றாக நின்றது. இடக்கோடியில் மட்டும், மிக ஓரத்தில் பார்த்தால், கொஞ்சம் விலகும். அதுவும் தை முடிவதற்குள் சரியாகிவிட்டது. பதினைந்து வாரம்.

கடைசிப் பரிசோதனை முடிந்து தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில் கும்பகோணத்தில் இறங்கினேன். அவள் அங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. பழைய மாணவி ஒருத்தியிடம் எண் வாங்கிப் பேசியிருந்தேன். வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். “வாங்க டீச்சர்” என்று முகத்தை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துச் சிரித்தாள். முப்பத்தெட்டு வயது, காதோரம் ஒரு நரை.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். ரயிலில் ஒத்திகை பார்த்திருந்தது எதுவும் வரவில்லை. உன் கண்ணில் அந்த நரம்பே இல்லை, நான் உன்னை அதற்காக அடிக்காத குறையாக நிறுத்தி வைத்தேன், தப்பு என்னுடையது என்றேன். அவளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. கல்லூரியில் படிக்கும்போது கண்ணாடிக்காகப் போன இடத்தில் சொன்னார்களாம்.

“அப்போது எனக்கு என்ன குழப்பம் தெரியுமா டீச்சர்?” என்றாள். “நீங்கள் திருப்பு திருப்பு என்று சொல்லும்போது நான் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் திரும்பிவிட்டது போலத்தான் இருந்தது. ஏன் கத்துகிறீர்கள் என்றே புரியவில்லை.”

ஐப்பசிப் புதன்கிழமை நான் கண்ணாடி முன் நின்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று அவளிடம் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சமையலறையில் பால் பொங்கும் வாசனை வந்தது, எழுந்து போனாள். திரும்பி வந்து காபியை என் வலப்பக்கம் வைத்தாள். பிறகு நின்றபடியே, அலாரிப்பின் தொடக்கம் இன்னும் நினைவிருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டாள்.

கூடத்தில் இடம் போதாது. நாற்காலியை நகர்த்தினேன். தட்டுக்கழி இல்லை, தொடையில் தாளம் போட்டுச் சொல்லத் தொடங்கினேன். வலப்பக்கம் பார்த்தாள், இடது கண் சிறுத்தது. இடப்பக்கம் வரும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். தாளம் பிசகவில்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.